கேட்டு வாங்கிய மண்

2024 ஜூலை மாதம் இலங்கை அமைச்சரவை முஸ்லிம்களிடம் மன்னிப்புக் கேட்டது. கொவிட் காலத்தில் எங்கள் ஜனாஸாக்களை, அதாவது இறந்தவர்களின் உடல்களை, கட்டாயமாக எரித்ததற்கான மன்னிப்பு. வாராவாரம் வெளியாகும் அமைச்சரவை முடிவுகளின் பட்டியலில் மற்ற விடயங்களோடு அதுவும் ஒரு விடயமாக வந்திருந்தது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ அந்தச் செய்தியைப் போட்டதும் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பதில்கள் வந்தன. மாமாவின் மூத்த மகன் மட்டும் எதுவும் போடவில்லை. எரிக்கப்பட்டது அவனுடைய வாப்பா. நானும் எதுவும் போடவில்லை. விரல் போனது, ஆனால் மனம் வரவில்லை. தான் செய்தது பிழை என்று ஓர் அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொள்வது இந்த நாட்டில் லேசில் நடக்கிற காரியமல்ல. அப்படியிருந்தும் ஏன் நெஞ்சு ஆறவில்லை? பழிவாங்கும் எண்ணமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன், அதுவும் இல்லை. அந்த அரசாங்கம் இரண்டு மாதத்தில் தேர்தலில் போய்விட்டது. அந்தக் கேள்வி மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை.

நடந்ததை முழுவதும் திரும்பச் சொல்லத் தேவையில்லை. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி வந்தது. கொவிட்டால் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்றார்கள், புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று காரணம் சொன்னார்கள். புதைப்பது, எரிப்பது இரண்டுமே பாதுகாப்பானவை என்று உலக சுகாதார அமைப்பு அதற்கு முந்திய மாதமே சொல்லியிருந்தது. டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம், வழக்குகளை விசாரணைக்கே எடுக்காமல் பெரும்பான்மை முடிவால் தள்ளுபடி செய்தது. இலங்கை மருத்துவ சங்கம் போன்ற அமைப்புகள் புதைக்கலாம் என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகும் எரிப்பது நிற்கவில்லை. 2021 பெப்ரவரி கடைசியில் வர்த்தமானி திருத்தப்படும்வரை 270க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் எரிக்கப்பட்டார்கள். நான் எழுத வந்தது அந்த எரிப்பு எவ்வளவு கொடுமையானது என்பதைப் பற்றியல்ல. அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். அந்த நாட்களில் நாங்கள் எப்படிக் கேட்டோம், யாரிடம் கேட்டோம், கேட்டது எப்படிக் கிடைத்தது என்பதுதான் எனக்குள் கிடந்து உறுத்துகிறது.

ஓராளைப் பிடிப்பது

மாமாவுக்குப் புறக்கோட்டையில் துணி வியாபாரம். நீண்டகால நீரிழிவு. 2020 நவம்பரில், இரண்டாம் அலை கொழும்பைப் பிடித்திருந்த நேரம், காய்ச்சலோடு வைத்தியசாலைக்குப் போனவர் திரும்பவில்லை. மௌத்தான பிறகு எடுத்த பீசீஆரில் பொசிட்டிவ் என்று தொலைபேசியில் சொன்னார்கள். உம்மாவும் மாமியும் மாவனல்லையில் வீட்டுக்குள் அடைபட்டிருந்தார்கள். நான் கொழும்பில் இருந்தும் அறையை விட்டு வெளியே வர முடியாத நிலை. அழுவதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை, ஏனென்றால் அடுத்த நிமிடமே தொலைபேசி வேலை தொடங்கிவிட்டது. "ஒராளப் புடிச்சிப் பாருங்க மகன்" என்று உம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். நான் ஒருவருக்கு எடுத்தேன். அவர் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் (நிர்வாகி) ஒருவரைப் பிடித்தார். அவருக்குப் பிரதேச சபை உறுப்பினர் ஒருவரைத் தெரியும். அவருக்கு ஓர் அமைச்சரின் செயலாளரைத் தெரியும். அந்தச் செயலாளருக்கு ஒரு வைத்தியரைத் தெரியும். இரவு முழுவதும் இப்படியே போனது. யாரும் முகத்தில் அடித்த மாதிரி மறுக்கவில்லை. எல்லோரும் நல்லவர்கள், முடிந்ததைச் செய்தார்கள், இரக்கத்தோடு பேசினார்கள்.

அந்த இரவு நாங்கள் பேசிய எல்லா அழைப்புகளிலும் ஒரே கோரிக்கைதான் இருந்தது. "இந்த ஒரு மையத்த மட்டும் எப்படியாவது." மற்ற மையத்துகளைப் பற்றி நாங்கள் பேசவில்லை. சட்டம் பிழை என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் கிடைக்கப்போகிற உதவியும் கிடைக்காமல் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே.

காரியம் நடக்கவில்லை. மாமாவின் மகன் படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்தான். போடாவிட்டாலும் எரிக்கத்தான் போகிறோம் தம்பி என்று அங்கிருந்த அதிகாரி சொன்னாராம், கோபமாக இல்லை, வருத்தமாகவே. குடும்பத்தார் பொறுப்பேற்க மறுத்த உடல்களை எரிக்கலாம் என்று டிசம்பரில் சட்டமா அதிபரின் ஆலோசனையும் வந்துவிட்டது. ஆக, மறுப்பதற்கும் அர்த்தமில்லாமல் போனது. மாமாவைக் குளிப்பாட்டவில்லை, உடலைச் சுற்றும் வெள்ளைக் கபன் துணி இடவில்லை. வாகனத்தின் அருகே இரண்டு மூன்று பேர் நின்று ஜனாஸாத் தொழுகையை மட்டும் தொழுதார்கள். எல்லாம் முடிந்த பிறகு சாம்பல் வேண்டுமா என்று அவனிடம் கேட்டிருக்கிறார்கள். அவன் என்ன பதில் சொன்னான் என்று இதுவரை நான் கேட்டதில்லை.

சில வாரங்கள் கழித்து ஊருக்குப் போனபோது அந்த நம்பிக்கையாளர் கேட்டடிக்கு வந்து நின்று உம்மாவுக்கு ஆறுதல் சொன்னார். "சபூர் செய்ங்க. சத்தம் போட்டா எல்லாருக்கும் கஷ்டம்." எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. 2001 மே மாதம் எங்கள் நகரத்தில் கடைகள் எரிந்தபோது பொலிசோடும் விகாரையோடும் பேசி நிலைமை இன்னும் மோசமாகாமல் பார்த்துக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். அவருடைய பொறுமை கோழைத்தனத்தால் வந்ததல்ல, அனுபவத்தால் வந்தது. அதனால்தான் அந்தப் பொறுமையோடு வாதாடுவது அவ்வளவு கடினமாக இருக்கிறது.

இந்தப் பழக்கம் வந்த வழி

இலங்கையில் முஸ்லிம்கள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 2012 கணக்கெடுப்பில் 9.7 சதவீதம். கிழக்கில் சேர்ந்து வாழ்பவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். மற்றவர்கள் தெற்கிலும் மேற்கிலும் மலைநாட்டிலும் சிங்கள ஊர்களுக்கு நடுவே ஒரு தெரு, ஒரு சந்தி, ஒரு பள்ளிவாசல் என்று சிதறிக் கிடக்கிறோம். காத்தான்குடியில் இருப்பவர் அரசியல் பேசுவதும் மாவனல்லையில் இருப்பவர் பேசுவதும் ஒன்றல்ல. எங்களுக்குப் பக்கத்து வீடு சிங்கள வீடு, கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் சிங்களவர்கள், பிள்ளைகளுக்கு அவர்களோடுதான் பழக்கம். பெரும்பாலும் நல்ல பழக்கம். வெசாக் நாளில் எங்கள் ஊர் முஸ்லிம் கடைக்காரர்கள் தன்சல் என்ற இலவச உணவுப் பந்தலுக்குச் சாமான் கொடுப்பதும், பெருநாளைக்கு வட்டிலப்பம் பக்கத்து வீடுகளுக்குப் போவதும் யாருக்காகவும் போட்ட நாடகமல்ல. ஆனால் அந்த வாழ்க்கை ஒரு பாடத்தையும் சேர்த்துக் கற்றுக் கொடுத்திருக்கிறது: பிரச்சினை வந்தால் கூட்டமாகப் போகாதே, ஒருவரை அனுப்பு. உரத்துப் பேசாதே, தெரிந்தவர் மூலமாகச் சொல்.

எங்கள் மேடைகளில் சொல்லப்படும் வரலாற்றைக் கேட்டாலும் இதே பாடம்தான். போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களைச் செனரத் மன்னன் 1626இல் கிழக்கில் குடியேற்றியது, கண்டி அரண்மனையில் முஸ்லிம் வைத்தியர்கள் இருந்தது, தவளம் (பொதிமாடு) ஓட்டி மலைநாட்டுக்கு உப்பும் கருவாடும் கொண்டுபோனது, சுதந்திரத்துக்கு நிபந்தனை வைக்காமல் அரசாங்க சபையில் டீ.பி. ஜாயா ஆதரவாக நின்றது. இவை எல்லாம் பெருமைக்குரியவைதான். பிள்ளைகளுக்கு நானும் சொல்லுவேன். ஆனால் இவற்றை எப்போது சொல்கிறோம் என்று பாருங்கள். பள்ளிவாசலுக்குக் கல் விழுந்த அடுத்த வாரம் சொல்கிறோம். நாங்கள் நல்லவர்கள், நாட்டைக் காட்டிக்கொடுக்காதவர்கள், எங்களை இங்கே வாழவிட்டது வீண்போகவில்லை என்று சான்றிதழ் காட்டுவதற்காகச் சொல்கிறோம். ஒரு சிங்களவர் தன் வீட்டில் கல் விழுந்தால் தன் மூதாதையர் அரசனுக்குச் செய்த சேவையைச் சொல்லி நீதி கேட்கமாட்டார். பொலிசுக்குப் போவார்.

விட்டுக்கொடுத்தால் அடங்கிவிடும் என்ற நம்பிக்கையும் இதோடு சேர்ந்தது. 2013இல் ஹலால் சான்றிதழுக்கு எதிராகக் கடும்போக்கு பௌத்த அமைப்புகள் கிளம்பியபோது உள்நாட்டுப் பொருட்களுக்கு அதை வழங்குவதை மார்க்க அறிஞர்களின் அமைப்பான ஜம்இய்யத்துல் உலமா நிறுத்திக்கொண்டது. சமாதானத்துக்காகச் செய்தது. அடுத்த ஆண்டு ஜூனில் அளுத்கமவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2018 மார்ச்சில் திகன. 2019 உயிர்த்த ஞாயிறு அன்று எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு சிலர் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். அந்தக் கொலைகாரர்களின் உடல்களை எந்தப் பள்ளிவாசலும் ஏற்காது என்று உலமாக்கள் அறிவித்தார்கள். என் மனமும் அதைத்தான் சொன்னது. அவர்களைப் பற்றி முன்கூட்டியே பொலிசுக்கு முறையிட்டவர்களும் காத்தான்குடி முஸ்லிம்கள்தான். இருந்தும் மே மாதம் குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களில் கடைகளும் பள்ளிகளும் உடைந்தன. ஜூன் 3ஆம் திகதி முஸ்லிம் அமைச்சர்கள் எல்லோரும் சேர்ந்து பதவி விலகினார்கள். கூட்டாக ஒன்றைச் செய்த அபூர்வமான தருணம் அது. ஆனால் அதிலும் கோரிக்கையைவிட, எங்களால் யாருக்கும் சிரமம் வேண்டாம் என்ற தொனிதான் மேலோங்கி இருந்ததாக எனக்குப்பட்டது.

2020 ஒக்டோபர் 22ஆம் திகதி ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டும் அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஜனாஸாக்கள் எரிந்துகொண்டிருந்த காலம். எதிர்க்கட்சி வரிசையில் இருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் சிலர், தங்கள் கட்சித் தலைவர்கள் எதிர்த்து வாக்களிக்க, தாங்கள் அரசாங்கத்துக்கு ஆதரவளித்தார்கள். அரசாங்கத்தோடு இணங்கிப் போனால்தான் சமூகத்துக்கு எதையாவது செய்யலாம் என்பதுதான் இத்தகைய முடிவுகளுக்கு எங்கள் அரசியலில் எப்போதும் சொல்லப்படும் நியாயம். அப்போது நீதி அமைச்சராக இருந்தவரும் முஸ்லிம்தான். எரிப்பு இன்னும் நான்கு மாதங்கள் தொடர்ந்தது. மாமா அந்த வாக்கெடுப்புக்கு அடுத்த மாதம்தான் மௌத்தானார். என் இரவு நேரத் தொலைபேசி அழைப்புகளையும் அந்த வாக்கெடுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அவர்கள் பெரிய அளவில் செய்ததும் நாங்கள் சிறிய அளவில் செய்ததும் ஒரே வேலைதான்.

வெள்ளைத் துணி

டிசம்பர் 9ஆம் திகதி, பிறந்து 20 நாட்களான குழந்தை ஒன்றைப் பெற்றோரின் சம்மதமில்லாமல் எரித்தார்கள். இதற்குமேல் அதைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை.

அதற்குச் சில நாட்களில், குழந்தை எரிக்கப்பட்ட பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் யாரோ வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டத் தொடங்கினார்கள். கபன் துணியின் நினைவாக. எந்தக் கட்சியும் அழைக்கவில்லை, எந்த ஜமாஅத்தும் அறிக்கை விடவில்லை. படம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியது, பார்த்தவர்கள் வந்து கட்டினார்கள். என் தங்கச்சி போக வேண்டும் என்றாள். உம்மா தொலைபேசியிலேயே தடுத்தார். "படம் புடிச்சிருவாங்க, வேலக்கிப் பிரச்சின வரும்." உம்மா சொன்னதில் பொய்யில்லை, நாங்கள் வளர்ந்த விதமே அதுதான். தங்கச்சி கேட்கவில்லை. தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். உண்மையில் நான் போனது துணி கட்டுவதற்காக அல்ல, அவளைக் கூட்டிக்கொண்டு சீக்கிரம் திரும்புவதற்காக.

நாங்கள் போன நேரத்தில் அங்கே கூட்டம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஒருவர் வருவார், கட்டுவார், ஒரு நிமிடம் நிற்பார், போவார். சுலோகமில்லை, பதாகையில்லை. அங்கே நடுத்தர வயதுச் சிங்களப் பெண் ஒருவர் இருந்தார். கையில் அலுவலகப் பை. ஒரு பழைய வெள்ளைத் துணியை வீட்டிலிருந்தே கிழித்துக்கொண்டு வந்திருந்தார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. முடிச்சு சரியாக விழாமல் இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினார். தங்கச்சி அவரிடம் சிங்களத்தில் நன்றி சொன்னாள். நானும் கூடவே தலையசைத்தேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை போலிருந்தது. எதற்கு நன்றி என்று கேட்டார். எங்களுக்காக இதைச் செய்கிறீர்களே என்றாள் தங்கச்சி. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இது உங்களுக்காக இல்லை பிள்ளை, என் அரசாங்கம் ஒரு குழந்தையை இப்படிச் செய்திருக்கிறது, எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை என்றார். அப்புறம் பஸ் வந்துவிடும் என்று அவசரமாகப் போய்விட்டார்.

அந்த நன்றிதான் என்னை உலுக்கியது. தங்கச்சியின் மேல் குறையில்லை, அது தன்னால் வந்த வார்த்தை. யாராவது எங்களுக்கு நியாயமாக நடந்தால் உடனே நன்றி சொல்லும்படி எங்கள் நாக்கு பழகியிருக்கிறது. பொலிஸ்காரர் முறைப்பாட்டை எழுதிக்கொண்டால் நன்றி. பாடசாலை அதிபர் பிள்ளையை அபாயாவோடு வந்த உம்மாவின் முன்னால் மரியாதையாக நடத்தினால் நன்றி. பக்கத்துக் கடைக்காரர் எங்கள் கடையை எரிக்காமல் விட்டால் அதற்கும் நன்றி. அந்தப் பெண்ணோ எங்களுக்கு ஒன்றையும் கொடுக்க வரவில்லை. தன்னுடைய அரசாங்கத்திடம் கணக்குக் கேட்க வந்திருந்தார். யாரையும் பிடிக்கவில்லை, யார் மூலமாகவும் சொல்லவில்லை. "என் அரசாங்கம்" என்று எவ்வளவு இயல்பாகச் சொன்னார்! அந்த வார்த்தை என் வாயிலிருந்து அப்படி வருமா என்று பஸ்ஸுக்கு நடக்கும்போது யோசித்தேன். அது அவருடைய அரசாங்கம் என்றால் என்னுடையதும்தான். நானும் இங்கேதான் வரி கட்டுகிறேன், எனக்கும் இதே அடையாள அட்டைதான். ஆனால் மாமா மௌத்தான அந்த இரவில் என் அரசாங்கம் ஒரு பிழை செய்கிறது என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஓர் அரசாங்கம் எங்களைச் சோதிக்கிறது என்றுதான் தோன்றியது.

வேலியில் கட்டிய துணிகளை அதிகாரிகள் அகற்றினார்கள். மக்கள் வேறு இடங்களில் கட்டினார்கள். வீட்டு வாசல்களில், மணிக்கட்டில். தங்கச்சி தன் அலுவலக மேசையில் ஒரு துண்டைக் கட்டி வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. உம்மா அதைக் கேட்டு நெடுநேரம் பேசவில்லை, பிறகு தன் வீட்டுக் கேட்டிலும் ஒன்றைக் கட்டச் சொல்லி மாமியின் சின்ன மகனிடம் கொடுத்திருக்கிறார்.

எப்படிக் கிடைத்தது

அதே மாதம் மாலைதீவிலிருந்து ஒரு செய்தி வந்தது. இலங்கை முஸ்லிம்களைத் தங்கள் நாட்டில் அடக்கம் செய்ய முடியுமா என்று பரிசீலிக்கிறார்களாம், இலங்கை ஜனாதிபதியின் வேண்டுகோளின் பேரில். எங்களில் சிலர் இதையும் நல்ல செய்தியாகப் பகிர்ந்தார்கள். ஆயிரம் ஆண்டுகளாக இந்தத் தீவில் கப்றுகள் இருக்கிறவர்களின் மையத்தைக் கப்பல் ஏற்றி இன்னொரு தீவுக்கு அனுப்புவது எப்படி ஓர் ஆறுதலாகத் தெரிந்தது என்று இப்போது நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. கேட்டு வாங்கிப் பழகியவனுக்கு எது கிடைத்தாலும் கொடையாகத் தெரியும்.

பெப்ரவரி முதல் வாரத்தில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியில் ஜனாஸா எரிப்பும் ஒரு கோரிக்கையாக இருந்தது. தமிழர்களோடு கிழக்கு முஸ்லிம்களும் நடந்தார்கள். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் புலிகளால் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, அந்த வீதிகளில் இப்படி ஒன்றை எதிர்பார்த்திருக்க முடியாது. அரசாங்கம் அதைப் பார்த்துத்தான் இறங்கியது என்று சொல்ல ஆசைதான். ஆனால் நடந்த ஒழுங்கு வேறு. ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவைக் கூட்டத்தொடர் தொடங்கவிருந்தது, முஸ்லிம் நாடுகளின் வாக்குகள் தேவைப்பட்டன. பெப்ரவரி 23ஆம் திகதி பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்தார். 25ஆம் திகதி வர்த்தமானி திருத்தப்பட்டது. ஊரெல்லாம் இம்ரான் கானுக்கு நன்றி. அந்த நன்றியில் நியாயம் இருக்கிறது, அவர் பேசியிருக்கிறார். ஆனாலும் என் மாமாவுக்குக் கிடைக்காத ஆறடி மண், ஒரு வெளிநாட்டுப் பிரதமர் வந்துபோன மறுநாள் மற்றவர்களுக்குக் கிடைத்தது என்றால், அந்த மண் எனக்கு உரிமையாகக் கிடைத்ததா? மாமா மௌத்தானபோது அமைச்சரின் செயலாளரைப் பிடித்தோம், இப்போது ஒரு பிரதமர் அகப்பட்டார். பிடித்த ஆள் பெரிய ஆள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மார்ச் 2ஆம் திகதி, கிளிநொச்சிக் கடலில் இருக்கும் இரணைதீவில் புதைக்கலாம் என்று அறிவித்தார்கள். அது கத்தோலிக்க மீனவர்களின் தீவு. போரில் விரட்டப்பட்டு, 2018இல் தாங்களே படகேறிப்போய்த் தங்கள் மண்ணை மீட்டவர்கள். அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் எதிர்த்தார்கள், எதிர்த்தது முழு நியாயம். எங்கள் ஜனாஸாவை வைத்து இன்னொரு சிறுபான்மையோடு எங்களை மோதவைக்கப் பார்த்தார்கள் என்பது என் கருத்து. நல்லவேளையாக அது நடக்கவில்லை. மார்ச் 5ஆம் திகதி மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில், மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடங்கின. அதற்குப் பிறகு ஒரு வருடம், எந்த ஊரில் இறந்தாலும் அந்த ஓர் இடத்தில்தான் புதைக்க வேண்டும். காலியில் இறந்தவரின் பிள்ளைகள் நாட்டின் மறுபக்கத்துக்குப் போய், தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். சொந்த ஊர் மையவாடியில் ஏன் கூடாது என்று கேட்டவர்கள் மிகச் சிலர். கிடைத்ததைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார்கள் பெரியவர்கள்.

அங்கே 3,600க்கும் மேற்பட்டவர்கள் அடங்கியிருக்கிறார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல. இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அந்த வரிசைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் புதைக்க வேண்டியிருந்திருக்கிறது! பல கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும், பரம்பரையாகப் புதைக்கும் வழக்கமுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் அந்த வர்த்தமானி எங்களைச் சுட்டதைப் போலவே சுட்டிருக்கிறது. நாங்களோ இதை எங்களுடைய தனிப் பிரச்சினையாகவே பார்த்து, எங்கள் ஆட்களை மட்டும் பிடித்துக்கொண்டு, தனி வாசலில் நின்றிருந்தோம்.

இரண்டு மன்னிப்புகள்

என்னோடு வேலைசெய்யும் நண்பர் ஒருவர் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் புலிகள் முஸ்லிம் மக்களைக் கூப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் போகச் சொன்னபோது அவர் சின்னப் பிள்ளை. வடக்கிலிருந்து விரட்டப்பட்ட சுமார் 75,000 பேரில் அவர் குடும்பமும் ஒன்று. புத்தளத்தில் வளர்ந்தார். அமைச்சரவை மன்னிப்பைப் பற்றி அவரிடம் பேசினேன். அவர் 2002ஐ நினைவுபடுத்தினார். அந்த ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில், முஸ்லிம்களை வெளியேற்றியது ஓர் அரசியல் தவறு என்று புலிகளின் தரப்பில் அன்ரன் பாலசிங்கம் சொன்னார். "மன்னிப்பு நல்லதுதான் மச்சான்" என்றார் நண்பர். "ஆனா அவங்க குடுக்க நெனச்ச நேரத்தில, அவங்க அளந்த அளவுல வந்தது. நீங்க திரும்பி வர என்ன வேணும் எண்டு எங்களிட்ட ஒருத்தரும் கேக்கல்ல." போர் முடிந்து இவ்வளவு காலமாகியும் அவர் குடும்பம் முழுதாகத் திரும்பவில்லை. மன்னார்ப் பக்கம் திரும்பியவர்கள் மேல் வில்பத்துக் காட்டை அழிக்கிறார்கள் என்ற பழி விழுந்தது.

2024 மன்னிப்பில் எனக்கு ஆறாதது எது என்பது அவர் சொன்னபோதுதான் பிடிபட்டது. யார் அந்த முடிவை எடுத்தார்கள், எந்த அறிவை வைத்து எடுத்தார்கள், எதிர்த்த நிபுணர்களை ஏன் கேட்கவில்லை என்று அதில் ஒரு வரி இல்லை. புதைப்பதால் நீருக்குக் கேடில்லை என்று பிறகு செய்த ஆய்வைச் சுட்டிக்காட்டியிருந்தார்கள். அதாவது, ஆய்வு வேறு மாதிரி வந்திருந்தால் மன்னிப்பு இல்லை. எரிக்கப்பட்டவர்களின் குடும்பங்களிடம் யாரும் வந்து பேசவில்லை. மாமாவின் மகனுக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. இனி யாரும் தன் விருப்பப்படி புதைக்கவோ எரிக்கவோ உரிமை தரும் சட்டம் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். எனக்கு வேண்டியது அந்தச் சட்டமும், பொறுப்பானவர்களின் பெயர்கள் வெளிவரும் ஒரு விசாரணையும்தான். இதைக் கேட்பது பேராசை என்று எங்கள் ஆட்களே சொல்கிறார்கள்.

இப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள் தங்கச்சி குறுக்கிட்டாள். "நானா, நீங்க அரசாங்கத்துக்குச் சொல்றதெல்லாம் சரி. எங்களுக்கு நீங்க சொல்றது என்ன?" அவள் கேட்டது 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைப் பற்றி. அந்தச் சட்டத்தில் மணப்பெண்ணின் கையெழுத்துக்கு இடமில்லை, 'வலி' எனப்படும் அவளுடைய ஆண் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டால் போதும். பெண்கள் காதியாக, அதாவது முஸ்லிம் விவாக வழக்குகளைத் தீர்க்கும் நீதிபதியாக, முடியாது. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும் காதியின் அனுமதியோடு திருமணம் பதியலாம். எங்கள் பெண்கள் பல பத்தாண்டுகளாகத் திருத்தம் கேட்கிறார்கள். 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகும் சட்டம் மாறவில்லை. அவர்களுக்கு நாங்கள் கொடுத்த பதில் என்ன? சபூர் செய்யுங்கள். சத்தம் போடாதீர்கள். இப்போது நேரம் சரியில்லை, வெளியே இருப்பவர்கள் பயன்படுத்திக்கொள்வார்கள். பெரியவர்கள் மூலமாகப் பேசுவோம். வெளியில் இருப்பவர்கள் பயன்படுத்துவார்கள் என்பது உண்மைதான், சில பேர் பயன்படுத்தவும் செய்தார்கள். ஆனால் எங்களை எரித்தவர்களிடமிருந்து எங்கள் காதில் விழுந்த அதே வார்த்தைகளை, அதே மெல்லிய இரக்கத் தொனியில், எங்கள் பெண்களுக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறோம். ஓராளைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறோம். நியாயமான திருத்தத்தைக்கூட நாங்கள் கொடுக்கும் கொடையாக, நாங்கள் தீர்மானிக்கும் நேரத்துக்கு என்று வைத்திருக்கிறோம்.

மாமாவின் கடைசி மகளுக்கு இப்போது மாப்பிள்ளை பேசியிருக்கிறார்கள். பதிவுப் புத்தகத்தில் தன் கையெழுத்தும் வேண்டும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். படிவத்தில் அதற்கு இடமில்லை என்று பதிவாளர் சொன்னார், மரியாதையாகவே சொன்னார். வலியாகக் கையெழுத்துப் போட வேண்டியவன் அவளுடைய மூத்த நானா, வாப்பாவை எரிக்கக் கையெழுத்துப் போட மறுத்தவன். தன் தங்கச்சியின் பெயருக்குக் கீழே அவள் கையெழுத்து இல்லாமல் தன்னுடையதைப் போடப்போவதில்லை என்று அவன் குடும்பத்துக்குச் சொல்லிவிட்டான். உம்மா, மாமி, பள்ளிவாசல் ஆட்கள் எல்லோரும் அவனோடு பேசிப் பார்க்கிறார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். திணைக்களத்துக்கு அவர்கள் இருவரும் சேர்ந்து எழுதும் கடிதத்தைச் சிங்களத்தில் திருத்திக்கொடுக்க இந்த வாரம் உட்காருகிறேன்.